கான் வெட்டாம காலநிலை பேசுறவங்க

வா தம்பி, இப்படி உக்காரு. சட்டையில என்னமோ பச்சையா எழுதியிருக்கே? பூமியைக் காப்பாத்துவோமா? நல்ல விசயந்தான். காப்பாத்து, காப்பாத்து. இது கூட்டத்துல குடுத்த சட்டையா? போன கூட்டத்துல ஒன்னு குடுத்தாங்களே, அது எங்க? கூட்டத்துக்கு ஒரு சட்டை தச்சா பருத்தி எங்க இருந்து வருது, சாயத்தண்ணி எந்த ஆத்துக்குப் போகுதுன்னு யாராச்சும் கேட்டாங்களா? சரி சரி, மூஞ்சியத் தூக்காத. கெழவன் வாய் சும்மா இருக்காது. உன்னைக் குத்தம் சொல்ல வரல. உனக்கு இந்தச் சட்டையப் போட்டுவிட்ட பெரிய மனுசங்க இருக்காங்களே, அவங்க கதையத்தான் பேசணும்.

எனக்குப் படிப்பு கம்மி. தெரிஞ்சது ரெண்டே வேலை. கவ்வாத்து வெட்டுறது, கான் வெட்டுறது. கான்னா என்னன்னு தெரியுமா உனக்கு? மலைச்சரிவுக்குக் குறுக்கால வெட்டுற வாய்க்கா. பேஞ்ச தண்ணியெல்லாம் மண்ணுக்குள்ள இறங்கி மலையப் பாரமாக்கிடக் கூடாது. ஓரமா நடந்து ஓடைக்குப் போகணும். அதுக்குத்தான் கான். வைகாசி மழைக்கு முந்தி ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முந்தி ஒரு தடவை அதை வழிச்சு விடணும். மழை வந்த பொறகு வெட்டுற கானால யாருக்கு என்ன பிரயோசனம்?

நான் தலைவர்மாரை அளக்குறதும் இந்தக் கோலை வெச்சுத்தான். இவரு மழைக்கு முந்திக் கான் வெட்டுனாரா? இல்ல, மழை வந்த பொறகு மேடையில ஏறி மழையத் திட்டுனாரா? இதுக்கு மேல எனக்கு ஒரு விஞ்ஞானமும் வேணாம்.

நம்ம அலவத்துகொடையைப் பாரு. கண்டியில இருந்து மாத்தளை ரோட்டைப் புடிச்சு, அக்குறணையைத் தாண்டி வந்தா ரெண்டு பக்கமும் சரிவு. ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள்ள போ. மேல தென்னையும் கமுகும். அதுக்குக் கீழ பலா. பலாவுல மொளகுக் கொடி ஏறியிருக்கும். பக்கத்துல கராம்பு, சாதிக்கா, கொஞ்சம் கோப்பி. நெலத்துல இஞ்சி, மஞ்சள். கண்டி வீட்டுத் தோட்டம்னு வெளிநாட்டுப் படிச்சவங்க எல்லாம் வந்து ஆராய்ச்சி பண்ணிட்டுப் போறாங்க. மண்ணையும் புடிக்குது, மழையையும் தாங்குது, சோத்துக்கும் ஆகுதுன்னு புத்தகம் எழுதுறாங்க. நட்டு வெச்ச கெழவிக்கு அதெல்லாம் தெரியாது. அவ எந்த மாநாட்டுக்கும் போகல, ஒரு ரிப்பன் வெட்டல. பலா இருந்தா புள்ளகுட்டி பட்டினி கிடக்காதுன்னு நட்டா. அம்புட்டுத்தான்.

இப்ப பெரிய மனுசங்க கூட்டத்துக்கு வருவோம்.

வருசா வருசம் உலகத் தலைவருங்க காலநிலை பத்திப் பேச ஒரு ஊருல கூடுறாங்க. கொப் மாநாடுன்னு பேரு. 1995-ல பேர்லின்ல தொடங்கினாங்க. 2025-ல பிரேசில் நாட்டு பெலெம் நகரத்துல கூடுனது 30-வது கூட்டம். தொடங்கையில காத்துல கரியமிலவாயு பத்து இலட்சத்துக்கு 360 பங்கு அளவுல இருந்திச்சாம். இப்ப 420-ஐத் தாண்டிருச்சு. முப்பது தடவை கூடிப் பேசியும் கணக்கு ஏறுதே ஒழிய இறங்கல. எந்தத் தோட்டத்துலயாவது முப்பது தடவை பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு ஆள் எண்ணுற எடத்துக்கு, வந்து ஒரு வேலையும் செய்யாத ஆளுக்குப் பேர் போட்டுருக்காங்களா?

2021-ல கிளாஸ்கோவுல கூடுனாங்க பாரு, அது நல்ல கூத்து. கூட்டத்துக்கு வீட்டுக்காரர் அப்ப இங்கிலாந்துப் பிரதமரா இருந்த பொரிஸ் ஜோன்சன். பூமிக்கு நேரம் முடியப் போகுது, மணி அடிச்சிருச்சுன்னு மேடையில பயங்காட்டினாரு. பேசி முடிச்சுட்டு லண்டன்ல ராத்திரி விருந்துக்குப் போகணும். எப்படிப் போனாரு? தனி விமானத்துல. கிளாஸ்கோவுல இருந்து லண்டனுக்கு நாலரை மணித்தியாலத்துல ரயில் இருக்கு. நம்ம கண்டி கொழும்பு ரயில் மாதிரி ஆடி அசைஞ்சு வர்ற ரயிலும் இல்ல. ஆனாலும் பாரு, பூமிக்கு இருக்குற அவசரத்தைக் காட்டிலும் அவரு பசிக்கு அவசரம் கூட.

2023-ல துபாய். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் யாரு? சுல்தான் அல் ஜாபர். அவரு வேலை என்ன? அந்த நாட்டு எண்ணெய்க் கம்பனிக்குத் தலைவர். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். அடுத்த வருசம் பாகு. அந்த நாட்டு ஜனாதிபதி இல்ஹாம் அலியேவ் மேடையிலயே சொன்னாரு, எண்ணெயும் எரிவாயுவும் கடவுள் குடுத்த கொடைன்னு. இவரு ஒருத்தர்தான் மனசுல உள்ளதைச் சொன்ன மனுசன்னு எனக்குப் பட்டிச்சு. 2025-ல பெலெம். கூட்டம் நடக்குற அதே ஊருக்கு அமேசன் காட்டை வெட்டிப் புது ரோடு போடுறாங்கன்னு பேச்சு வந்திச்சு. மாநில அரசாங்கம் சொல்லிச்சு, அது மாநாட்டுக்காகப் போட்ட ரோடு இல்ல, முன்னமே திட்டம் போட்டதாம். மரம் விழுந்ததை ஒருத்தரும் இல்லன்னு சொல்லல. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

நீ சொல்லுவ, அது வெளிநாட்டுக்காரன், நம்ம ஆளுங்க அப்படியான்னு. பொறு தம்பி. நம்ம ஆளுங்க அவங்களுக்கே பாடம் எடுப்பாங்க.

அதே கிளாஸ்கோவுக்கு அப்ப நம்ம ஜனாதிபதியா இருந்த கோட்டாபய ராஜபக்ஷவும் போனாரு. போயி என்ன பேசினாரு? இலங்கை இரசாயன உரத்தைத் தடை பண்ணிருச்சு, இயற்கை விவசாயத்துக்கு மாறுது, உலகமே பாருங்கன்னாரு. எதிர்க்குறது யாருன்னா உரக் கம்பனிக்காரங்களும், உரத்தை அள்ளிக் கொட்டிப் பழகிப்போன விவசாயிகளுமாம். கை தட்டுறதுக்கு அங்க ஆள் இருந்திச்சு. ஊருல என்ன நடந்திச்சு?

கதையை ஆரம்பத்துல இருந்து கேளு. 2019 எலக்சன் விஞ்ஞாபனத்துல என்ன போட்டிருந்தாங்க? பத்து வருசத்துல மெல்ல மெல்ல இயற்கை உரத்துக்கு மாறுவோம்னு. பத்து வருசம்னா நியாயந்தான். மண்ணு பழகணும், மனுசன் பழகணும், சாணி சேரணும். அதே விஞ்ஞாபனத்துல இலவச உரம் தர்றோம்னும் எழுதியிருந்தாங்க, அதையும் மறந்துடாத. 2021 ஏப்ரல்ல அறிவிப்பு, மே மாசம் வர்த்தமானி. ஒரே அடியா உர இறக்குமதி நிப்பாட்டம். பத்து வருச வேலை ஒரு ராத்திரியில முடிஞ்சிருச்சு. உண்மையில கஜானாவுல டொலர் வத்திக்கிட்டு இருந்திச்சு. உரத்துக்கு வருசா வருசம் கோடிக் கணக்குல டொலர் போகுது. அதை நிப்பாட்டணும். டொலர் இல்லன்னு சொன்னா வெக்கம். பூமித்தாயைக் காப்பாத்துறோம்னு சொன்னா பெருமை. எதைச் சொல்லுவாங்க?

தேயிலை மலையில என்ன ஆச்சுன்னு உங்க அம்மாச்சியக் கேளு. உரம் போடாத மலையில கொழுந்து கெளம்பல. கொழுந்து இல்லாட்டி கிலோ நெறக்காது. கிலோ நெறக்காட்டி கணக்கப்புள்ள அரைப்பேர் போடுவாரு. ஆக, கிளாஸ்கோவுல ஐயா வாங்குன கைதட்டுக்குப் பொம்பளைங்க இங்க அரைச் சம்பளத்தைக் குடுத்தாங்க. அவங்கள யாரும் மாநாட்டுக்குக் கூப்பிடல. நெல்லு வெதச்சவன் கதையும் அதுதான். வெளைச்சல் படுத்து, அரிசி விலை ஏறி, நாடே வெளியில இருந்து அரிசி வாங்குச்சு.

சரி, இயற்கை உரமாச்சும் வந்திச்சா? சீனாவுல இருந்து ஒரு கப்பல் வந்திச்சு. ஹிப்போ ஸ்பிரிட்னு பேரு. நம்ம ஆளுங்க மாதிரியைச் சோதிச்சுட்டு, இதுல கிருமி இருக்கு, இறக்கக் கூடாதுன்னுட்டாங்க. கப்பல் கடல்ல சுத்திக்கிட்டு நின்னிச்சு. கடைசியில உரம் இறங்கல, ஆனா சுமார் 67 இலட்சம் டொலர் குடுத்துத் தீர்த்தாங்க. டொலரை மிச்சம் புடிக்கப் போனவங்க, வராத சாணிக்குக் காசு குடுத்த கதை இது. நம்ம ஊரு மாட்டுக்காரன் கேட்டா தொழுவத்தைப் பூட்டிட்டு அரசியலுக்குப் போயிருப்பான்.

கிளாஸ்கோவுல பேசின சூடு ஆறல, அதே நவம்பர் மாசக் கடைசியில தடையை எடுத்துட்டாங்க. அடுத்த வருசம் ஜூலை மாசம் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள புகுந்திச்சு. ஐயா நாட்டை விட்டே விமானப்படை விமானத்துல போனாரு. அன்னைக்கு மாத்திரம் கரியமிலவாயுவை யாரும் கணக்குப் பாக்கல.

இன்னொன்னும் சொல்றேன். அதே 2021-ல டீவியில ஒரு வினாவிடைப் போட்டி. ஒரு சின்னப் பொண்ணு, எங்க ஊரு பக்கம் சிங்கராஜக் காடு அழியுதுன்னு வாய் தொறந்து சொல்லிப்புட்டா. அடுத்து என்ன நடந்திச்சு? அவ வீட்டுக்கு அதிகாரிமாரும் பொலிசும் விசாரிக்கப் போனாங்க. மரம் வெட்டுனவனைத் தேடிப் போக அம்புட்டு வேகம் இருந்திச்சா?

கோட்டாபயவுக்கு முந்தி ஜனாதிபதியா இருந்தது மைத்திரிபால சிறிசேன ஐயா. சுற்றாடல் அமைச்சையும் தானே கையில வெச்சிருந்தாரு. 2019-ல என்ன சொன்னாரு? செயின்சோ இறக்குமதிக்குத் தடை, அஞ்சு வருசத்துல தச்சுப்பட்டறையெல்லாம் மூடணும்னாரு. அஞ்சு வருசம் கழிச்சு அவரு நாற்காலியில இருப்பாரான்னு யாரும் கேக்கல. அவரு போயிட்டாரு, 2024-உம் வந்து போயிருச்சு. தச்சன் இன்னும் இழைச்சுக்கிட்டுத்தான் இருக்கான். இழைக்கட்டும். கதவு வேணாமா, கட்டில் வேணாமா? வெட்டுற மரத்துக்கு ரெண்டு நடுன்னு சொல்லியிருந்தா தச்சனே நட்டிருப்பான். மந்திரி வீட்டு நெலைக்கதவு எந்த மரத்துல செஞ்சதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வா.

கோட்டாபயவுக்குப் பொறகு ஜனாதிபதியா வந்த ரணில் விக்ரமசிங்க ஐயாவைக் கொறை சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்குது. மனுசன் வெளியில போயி நியாயத்தைத்தான் பேசினாரு. 2022-ல எகிப்துல, 2023-ல துபாயில, ரெண்டு எடத்துலயும் பணக்கார நாடுகளைப் பாத்து, வாக்குக் குடுத்த காசு எங்கன்னு கேட்டாரு. சண்டைக்குக் குடுக்கக் காசு இருக்கு, காலநிலைக்கு இல்லையான்னாரு. சரியான கேள்வி. இலங்கையில ஒரு ஆளு வருசத்துக்கு விடுற கரியமிலவாயு சுமார் 1 தொன். அமெரிக்காவுல ஒரு ஆளு 14 தொன் அளவுல. அவங்க விட்ட புகைக்கு நம்ம மலை சரியுது. அதைக் கேக்காம இருக்கலாமா?

அந்தக் காசுக் கதையைக் கேளு. நம்ம கடைத்தெருவுல ஒரு ஆளு இருந்தான்னு வெச்சுக்க. கடன் கொப்பியில அவன் பேரு முதல் பக்கத்துல இருக்கும். கேட்டா, பொங்கலுக்குத் தர்றேன்பான். பொங்கல் வந்தா தீவாளிக்குத் தவணை. தீவாளி வந்தா, மொதலாளி, ஒங்க கணக்கைப் புதுக் கொப்பியில பெருசா எழுதிக்குவோம், என் மகன் தலையெடுத்ததும் மொத்தமா தருவான்பான். 2009-ல கோபன்ஹேகன்ல வெள்ளைக்காரங்க சொன்னது என்ன? 2020-க்குள்ள வருசத்துக்கு 10,000 கோடி டொலர். 2020 வந்திச்சு, நெறையல. 2022-லதான் அந்தக் கணக்கை ஒரு மாதிரி எட்டுனாங்க, அதுலயும் பாதிக்கு மேல கடனாக் குடுத்தது. 2024-ல பாகுவுல புதுக் கொப்பி தொறந்தாங்க. 2035-க்குள்ள வருசத்துக்கு 30,000 கோடியாம். 2050-ல புகையே இருக்காதாம். அந்த 2050-ல இப்ப கையெழுத்துப் போட்டவங்கள்ல எத்தனை பேரு உசுரோட இருப்பாங்க? மகன் தலையெடுத்துத் தருவான், அம்புட்டுத்தான்.

ரணில் ஐயா கேட்டது சரி. ஆனா வீட்டுக்கு வந்து என்ன செஞ்சாரு? காலநிலைக்குன்னு சர்வதேசப் பல்கலைக்கழகம் ஒன்னு இலங்கையில கட்டப்போறோம்னு எகிப்து மேடையில சொன்னாரு. அங்க படிச்சுப் பட்டம் வாங்குன ஒரு புள்ளையையும் நான் இன்னும் காணல. பல்கலைக்கழகம் வரட்டும் தம்பி, வேணாங்கல. அதுக்கு முந்தி, மலை வெடிக்கும்னு சிவப்புக் கோடு போட்ட லயத்துல இருக்குற சனத்துக்கு ஒரு துண்டுக் காணி எங்க? பேர்ச் கணக்கு மட்டும் எலக்சனுக்கு எலக்சன் கேட்டுக்கிட்டு இருக்கோம். 7 பேர்ச்சும்பாங்க, 10 பேர்ச்சும்பாங்க. பேச்சுலதான் காணி அகலமாகுது.

வெள்ளைக்காரன் பேச்சு வந்ததால ஒன்னு சொல்லிடுறேன். இந்த மலையெல்லாம் ஒரு காலத்துல காடு. கோப்பி போடுறதுக்காக வெட்டுனது யாரு? அவங்க தொரைமாருதான். 1869-ல கோப்பி இலையில துரு விழுந்து கோப்பி அழிஞ்சிச்சு. அப்புறம் தேயிலை. வெட்டுறதுக்கும் நடுறதுக்கும் நம்ம பாட்டன் பூட்டன்மாரைக் கடல் தாண்டி நடத்திக் கூட்டி வந்து, ஆகாத சரிவுல லயத்தைக் கட்டிப் போட்டான். இன்னைக்கு அவன் பேரப்புள்ள வந்து, காடு வளருங்கப்பா, காடு ரொம்ப முக்கியம்னு சொல்றான். நான் என்ன சொல்லட்டும்? சரிங்க தொரை, ஒங்க தாத்தா வெட்டுன எடத்துல இருந்தே தொடங்குவோம்னுதான் சொல்லணும்.

இனி கொஞ்சம் சிரிப்பை நிப்பாட்டிட்டுக் கேளு.

பெலெம் கூட்டம் 2025 நவம்பர் 22-ல முடிஞ்சிச்சு. கடைசி உடன்பாட்டுல எண்ணெய், நெலக்கரிங்கிற பேச்சையே எடுக்கல. ஒரு கிழமை ஆகல. டித்வா புயல் வந்திச்சு. நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்தாங்க. எந்த மாவட்டத்துல கூட? நம்ம கண்டியில. நம்ம அலவத்துகொடைப் பக்கமும் மலை சரிஞ்சு வீட்டோட மனுசரை மூடிச்சு. கடல் சூடானா காத்து கூடுதலா ஈரத்தைத் தூக்கும், ஒரு பாகைச் சூட்டுக்கு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும்னு படிச்சவங்க சொல்றாங்க. நான் நம்புறேன். வானம் மாறிப் போச்சுன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

ஆனா மலை மழையால மட்டுமா சரியுது? ரோட்டுக்காகச் சரிவோட அடியை வெட்டுறான். வீட்டுக்காக இடுப்பை வெட்டுறான். பழைய கானெல்லாம் தூந்து போய்க் கெடக்கு. தோட்டத்துல கான் வெட்டுறதுக்குன்னு இருந்த ஆளுக் கணக்கைச் செலவுன்னு கொறைச்சாங்க. பக்கத்து அக்குறணையில பிங்கா ஓயாவை ரெண்டு பக்கமும் நெருக்கிக் கட்டடம் கட்டிட்டு, ஆறு கடைக்குள்ள வருதுன்னு அழுவுறோம். ஆறு எங்க வந்திச்சு? அது எடத்துலதான் அது இருக்கு. கட்டுறதுக்கு அனுமதி குடுத்த கையெழுத்து யாரோடது? அதைத் தேடிப் பாத்த மந்திரி ஒருத்தர் பேரைச் சொல்லு, நான் பிளேன்டி வாங்கித் தர்றேன்.

மீரியபெத்தை ஞாபகம் இருக்கா? நீ அப்ப சின்னப் புள்ள. கொஸ்லந்தைப் பக்கம், 2014 அக்டோபர் 29. காலையில லயங்களை மண்ணு மூடிச்சு. அந்த எடம் ஆபத்துன்னு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லயும் சொல்லிச்சு, 2011-லயும் சொல்லிச்சு. விஞ்ஞானம் அதோட வேலையைச் செஞ்சிருச்சு. கடுதாசி ஒரு மேசையில இருந்து இன்னொரு மேசைக்குப் போயிக்கிட்டே இருந்திச்சு. டித்வா நேரத்துலயும், எச்சரிக்கை தமிழ்ல நேரத்துக்கு வரலன்னு எத்தனை பேரு கொறைப்பட்டாங்க? உலகத்துக்கே காலநிலை நீதி கேக்குற நாடு, பக்கத்து லயத்துக்கு அவங்க பாசையில ரெண்டு வரி அனுப்ப ஏன் முக்குது?

இப்ப இருக்குற அரசாங்கத்தை விட்டுட்டன்னு நெனைக்காத. நல்லதைச் சொல்லணும், ஜனாதிபதி செயலகத்து சொகுசு வாகனங்களை 2025-ல ஏலம் போட்டு வித்தாங்க. அது சரி. அந்த வருசம் சனவரியில கிளீன் ஸ்ரீலங்கான்னு தொடங்கினாங்க. அதுவும் சரி. தொடங்கின கையோட பொலிஸ் எங்க போச்சு? த்ரீவீல்காரன் கட்டியிருந்த சோடனையைக் கழட்ட. ஆத்தை நெருக்கிக் கட்டின கல்லுக் கட்டடம் அப்படியே நிக்குது. சோடனை மாத்திரம் லேசாக் கழருது பாரு.

அதே வருசம் பெப்ரவரி 9, நாடு முழுக்க கரண்ட் போச்சு. ஏன்னு கேட்டா, பாணந்துறைத் துணை மின்நிலையத்துல ஒரு குரங்கு புகுந்திருச்சுன்னு மந்திரி சொன்னாரு. பாவம் குரங்கு, அதுக்கு அறிக்கை விட ஒரு பேச்சாளர் இல்ல. அப்புறமா மெல்லச் சொன்னாங்க, மத்தியானத்துல சோலர் கரண்ட் கூடி, பாவிப்பு கொறைஞ்சு, கட்டமைப்பு தளம்பிருச்சுன்னு. ஏப்ரல்ல சித்திரை வருசப் பொறப்பு வந்திச்சு. ஃபெக்டரியெல்லாம் பூட்டு, வெயிலோ கொளுத்துது. கூரையில சோலர் வெச்சவங்க எல்லாம் 21-ஆம் திகதி வரைக்கும் அதை நிப்பாட்டி வைங்கன்னாங்க. 2030-ல நூத்துக்கு 70 பங்கு கரண்ட் காத்து, வெயில், தண்ணியில இருந்துதான்னு உலகத்துக்குச் சொன்ன நாடு இது. சனம் பேங்குல கடன் பட்டுக் கூரையில பலகையை மாட்டிச்சு. வெயில் அதோட கடமையைச் செஞ்சிச்சு. பகல் கரண்டைச் சேத்து வெச்சு ராத்திரி குடுக்குற பெட்டரியை மாத்திரம் போதுமான அளவுக்கு யாரும் வெக்கல. கூரைக்குத் தொறப்பு விழா வெச்சா படம் புடிக்கலாம். பெட்டரிக்கு முன்னால நின்னு யாரு படம் புடிக்கிறா?

குரங்குன்னதும் இன்னொன்னு. காட்டை வெட்டுனதும் அதுங்க தோட்டத்துக்குள்ள வந்திருச்சு. நம்ம பக்கம் தேங்கா, பலா ஒன்னு மிஞ்சுதா? 2023-ல ஒரு மந்திரி, இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பலாம்னாரு. 2025 மார்ச் 15-ல அடுத்த அரசாங்கம், காலையில எட்டு மணியில இருந்து எட்டு அஞ்சு வரைக்கும் ஆளாளுக்கு அவங்க தோட்டத்துல குரங்கை எண்ணுங்கன்னிச்சு. அஞ்சு நிமிசம். குரங்கு வரிசையில நிக்குமா? பெரட்டுக்கு வந்து பேர் சொல்லுமா?

நீயும் ரொம்பத் துள்ளாத. சுற்றாடல் தினத்துக்கு உங்க பள்ளிக்கூட மைதானத்துல மரம் நட்டீங்களே. ஒரு கன்டைப் புடிக்க ஏழு கை, படம் புடிக்க பத்து போன். போன வருசம் நட்ட குழியில இந்த வருசமும் நட்டீங்க. போன வருசக் கன்டு எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. குழி மாத்திரம் வருசா வருசம் சேவையில இருக்கு. விருந்தாளி மந்திரி வந்தாரு. அவருக்கு முன்னால ரெண்டு வாகனம், பின்னால நாலு. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் ஏசி போட்டுக்கிட்டு எஞ்சின் ஓடிக்கிட்டு நின்னிச்சு. அரசியல் கூட்டத்துச் சோடனைக்குப் பொலித்தீன் பாவிக்கக் கூடாதுன்னு 2017 செப்டெம்பர்ல இருந்து சட்டம் இருக்கு. அந்த வருசம் சித்திரைப் பொறப்பன்னைக்கு மீதொட்டமுல்லக் குப்பை மலை சரிஞ்சு சனம் செத்த பொறகு போட்ட சட்டம். அதுக்குப் பொறகு வந்த எலக்சன் கூட்டங்கள்ல, மறுநாள் காலையில மைதானத்தைப் பாத்திருக்கியா? சட்டம் போட்டவங்க கொடியே வேலியில மாட்டிக்கிட்டு ஆடும்.

அப்ப என்ன செய்யணும்ங்கிற? யாரையும் நம்பாதன்னு சொல்லல. அது சோம்பேறியோட புத்தி. எல்லாரும் கள்ளன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிறது லேசு. கள்ளனுக்கும் அதுதான் வேணும். பொய்க்காரன் சொல்றதாலயே விசயம் பொய்யாகிடாது. உலகம் சூடாகுறது நெசம். சொல்ற வாய் எதுவானாலும் மழை வரத்தான் போகுது.

பேச்சை அளக்காத, கணக்கை அள. ஒரு தலைவர் காலநிலைன்னு வாயைத் தொறந்தா மூனு விசயம் பாரு. இதுக்கு யாரு செலவழிக்கிறா, அவரா, அரைப்பேர் வாங்குற பொம்பளையா? இது எப்ப நடக்கும், அவரு நாற்காலியில இருக்கும்போதேவா, அவரு செத்த பொறகா? அவரு ராத்திரி எங்க தூங்குறாரு, சரிவுக்கு மேலயா, சரிவுக்குக் கீழயா? இந்த மூனுக்கும் நேராப் பதில் சொல்றவன் கிளாஸ்கோவுக்குப் போனாலும் சரி, துபாய்க்குப் போனாலும் சரி. டிக்கட்டுக்கு நானே காசு போடுறேன்.

உன் பங்கு வேலையும் இருக்கு. நெலத்துல புதுசா வெடிப்பு கண்டா, இல்லாத எடத்துல ஊத்து கெளம்புனா, தெளிவா ஓடின தண்ணி திடீர்னு கலங்குனா, மரமும் கரண்டுக் கம்பமும் சாஞ்சு நின்னா, நேத்து வரைக்கும் சாத்துன கதவு இன்னைக்கு நெலையில மாட்டிக்கிட்டா, ஆராய்ச்சி வேணாம். புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எறங்கு. அதையெல்லாம் லயத்துக் கெழவிக்குத் தமிழ்ல சொல்லிக் குடு. அதுக்கு ஒரு சட்டையும் வேணாம்.

அப்புறம் எலக்சன் வரும். ஐயாமாரும் வருவாங்க. மாலை வேணும்பாங்க, மேடை வேணும்பாங்க. மேடை போடாத. லயத்துக்குப் பின்னால இருக்குற மேட்டுக்குக் கூட்டிட்டுப் போ. சப்பாத்துல சேறு ஒட்டட்டும், அட்டையும் ரெண்டு ஏறட்டும். ஆள் உசரத்துக்குப் புல்லு மூடிக் கெடக்குற கானைக் காட்டு. ஐயா, இதை எப்ப வெட்டுவீங்கன்னு கேளு. 2050-னு வாயைத் தொறந்தாருன்னா ஒன்னும் பேசாத. முள்ளையும் மம்பட்டியையும் அவரு கையில குடுத்துட்டு, ஐயா, மழை வர்றதுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு, தொடங்குங்கன்னு சொல்லு.